ஒருத்தரும் சுடாத பாகங்கள்

இஞ்சாருங்கோ,

நான் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போறன். புட்டு மூடி வச்சிருக்கு, கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்குங்கோ. மத்தியானம் நிருபன் சுவிஸ் ஆமிப் பயிற்சியால லீவில வாறான்.

போன கிழமை பிள்ளை சீருடையும் தோளில துவக்குமா வாசல்ல நிக்க, ஊரில ஆமி வந்த நாளைப்போல நீங்கள் குளியலறைக்குள்ள பூட்டிக்கொண்டு இருந்தியள். இஞ்ச சுவிஸில ஆமிப் பெடியள் துவக்கை வீட்டுக்குக் கொண்டு வாறது வழமைதானே. அவன் சாப்பிடாமலே திரும்பிப் போனவன். இண்டைக்கும் பூட்டினால் இனி வரமாட்டான். எனக்கு இதுக்கு மேல ஏலாது.

அந்தப் பழைய ஆமிப் பகிடித் தொடரை டிவியில போட்டு வையுங்கோ, அவன் சின்னனில உங்கட மடியில இருந்து பாத்தது. நல்ல பாகங்கள் வேண்டாம். அதுகளில குண்டு வெடிக்கும், நீங்கள் எழும்பிப் போயிடுவியள். நீங்கள் திரும்பத் திரும்பப் பாக்கிற, சிரிப்பே வராத அறுவைப் பாகங்களைப் போடுங்கோ. முழுக்க உருளைக்கிழங்கு உரிப்பினம், தொலைஞ்ச சப்பாத்தைத் தேடுவினம். ஒருத்தரும் சுடமாட்டினம். முந்தி அதுக்கு உங்களை நக்கலடிச்சனான். இப்ப விளங்குது.

வாசல் கதவுப் பூட்டில உள்பக்கம் திறப்பைச் செருகி விடாதேங்கோ. பிறகு வெளியால அவன்ர திறப்பால திறக்க ஏலாது.

சுஜீவா

பி.கு: துவக்கைக் கீழ நிலவறையில பூட்டிப்போட்டு மேல வரச் சொல்லி நேற்று அவனிட்டப் போனில சொன்னன். ஓம் எண்டவன். பிறகு, "அப்பாவுக்குத் துவக்கிலயோ பயம், என்னிலயோ?" எண்டு கேட்டவன். அதை அப்பாட்டயே கேள் எண்டனான். கதவைத் திறந்து நீங்கள் சொல்லுங்கோ.