செம்புமீன் பறந்த பக்கம்

டீச்சர்,

உங்கள் கன்னியர் மடத்திலிருந்து நேற்று ஒரு சிறு பெட்டி வந்தது. திறந்ததும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை. எனக்கு மட்டும்தான் அடித்ததோ என்னவோ. உள்ளே நீங்கள் வண்ணம் தீட்டிய கண்ணாடித் துண்டு. கூடவே நீங்கள் காலமான செய்தி, இரண்டே வரியில். இந்த அஸ்தம்பட்டி வீட்டில் அதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பள்ளி ஹாலின் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, ஈர வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் முன்னால் விளக்குப் பெட்டியை வைத்து, நீங்கள் கண்ணாடியில் வரைந்த படங்களைக் காட்டுவோம். செம்பு நிற மீன் ஒன்றின் மேலேறி உலகம் சுற்றும் ஒரு பெண்ணின் கதை, வாரம் ஒரு பகுதி. படம் உங்களுடையது, வாய் என்னுடையது. ஒரு கண்ணாடி மேல் இன்னொன்றை நீங்கள் மெல்ல இழுத்தால் மீன் இறக்கையடிக்கும்.

“ஏனுங்க டீச்சர், மீனுக்கு எதுக்குங்க றெக்கை?” என்று சீண்டினேன் ஒருநாள்.

“நீங்க பேசற பேச்சுக்கு நீந்தித் தப்பிக்க முடியாதுங்க. பறந்துதான் போவோணும்.”

உங்களிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. கதைப் பெண்ணின் வீடு எப்போதும் திரையின் இடப்பக்கம். வலப்பக்கம் பறந்தால் போகிறாள், இடப்பக்கம் பறந்தால் வருகிறாள். “இத மட்டும் மாத்தக்கூடாதுங்க, புள்ளைங்க தடுமாறிப் போயிரும்” என்பீர்கள்.

கடைசிப் பகுதியன்று கூட்டம் தாங்கவில்லை. நான் நிற்கும் இடத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டதால், முதன்முறையாகத் திரைக்குப் பின்னால் நின்று கதை சொன்னேன். கடைசிப் படத்தில் வீடில்லை, மலையில்லை. வெறும் நீலம், நடுவே மீன் மேல் அவள். நான் நின்ற இடத்திலிருந்து அவள் இடப்பக்கம் பறப்பதாகத் தெரிந்தது. ஈரத் துணியின் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகும் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவேயில்லை.

“வந்துட்டா சாமிகளா! ஊட்டுக்கே வந்துட்டா!” என்று கத்தினேன். பிள்ளைகள் தங்கள் கண்ணை விட்டுவிட்டு என் வாயை நம்பினார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

“நல்லா முடிச்சீங்க டீச்சர்” என்றீர்கள். முகம் ஒருமாதிரி இருந்தது. விளக்குச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை உங்கள் நாற்காலி காலி. எங்கோ தூரத்து மடத்தில் சேரப் போய்விட்டதாகத் தலைமையாசிரியை சொன்னார். ஒரு மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. “அவள் போகிறாள் டீச்சர். நான் போவதை உங்களிடம் வாயால் சொல்லத் தைரியமில்லாமல்தான் படமாகப் போட்டேன். நீங்கள் திரும்ப வரவழைத்துவிட்டீர்கள். அத்தனை கைதட்டலுக்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?”

எனக்குக் கோபம். என்னிடம் சொல்லவும் ஒரு கண்ணாடித் துண்டு வேண்டுமா என்ற கோபம். பதில் போடவில்லை. கோபம் சீக்கிரமே போய்விட்டது, வெட்கம் போகவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. நீங்களோ அந்தக் கடைசிப் படத்தை உடையாமல் வைத்திருந்திருக்கிறீர்கள்.

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் உங்கள் கையெழுத்து நேராகத் தெரியும்படி பிடித்தால் அவள் போகிறாள். திருப்பினால் எழுத்து இடவலம் மாறிவிடுகிறது, அவள் வருகிறாள். தவறென்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆனாலும் திருப்பித்தான் வைத்திருக்கிறேன், டீச்சர்.