வெயிலில் காயவைத்த கரி

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? என் உடம்புக்குக் குறையில்லை. கோபம்தான் அடங்கவில்லை.

படிப்பித்தலை விட்டபின் நான் பொறுப்பாக இருக்கும் இந்தப் பெண்கள் விடுதியில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக, அழுகிய இலை மணத்தோடு வரும். தேங்காய்ச் சிரட்டைக் கரி நிரப்பிய இரண்டு வடிகட்டிகள்தான் அதை உறிஞ்சி எடுக்கின்றன. சென்ற வாரம் மணம் திரும்பியது. புதுக் கரி போட்டாயிற்று என்றார் முதலாளி உருத்திரலிங்கம். நானும் நம்பி, பிள்ளைகளின் தாய்மாருக்குத் தண்ணீர் நல்லதென்று சொன்னேன்.

நேற்று மொட்டைமாடியில் அவர் இரண்டாவது வடிகட்டியின் பழைய கரியைக் கழுவிப் பாயில் பரப்பி, மிளகாய் மாதிரிக் கிளறிக்கொண்டு நின்றார்.

“கரி எண்டாக் கரிதானே டீச்சர். வெயில் பட்டாப் புதுசுதான். முதலாவதுக்கும் இப்பிடித்தான் செய்தனான்.”

“உறிஞ்சின ஊத்தை உள்ளுக்கு நிறைஞ்சிட்டுது. அது வெயிலுக்குப் போகாது. நம்பிக்கையெண்டா ஒரு கிளாஸ் குடியுங்கோ.”

அவர் குடிக்கவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்.

வடிகட்டி அறையைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் போத்தல் தண்ணீர் எடுப்பித்தேன். பிறகு பதினாறு தாய்மாருக்கும் தொலைபேசி எடுத்து, நான் சொன்னது பிழை என்றேன். பிழையென்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத என் வாயால் அதைப் பதினாறு தரம் சொல்வது எப்படியென்று உங்களுக்குத் தெரியும்.

வேலை போனால் அங்கேதான் வருவேன்; உங்கள் வீட்டில் என் கட்டிலில் கிடக்கும் துணிமூட்டையை எடுத்துவிடுங்கள். பதிலை எழுதியே அனுப்புங்கள், திரும்ப வாசிக்கலாம்.

முதலாளி கதவு தட்டுகிறார், திறப்புக் கேட்கத்தான். புதுக் கரி வராமல் கொடுக்க மாட்டேன்.

தங்கை,
பவளராணி