தரைத்தகட்டில் நான்கு துளை

என்னங்க என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட உங்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு நீங்களும் தம்பி வீட்டாரும் நலம்தானே. போனில் வண்டிப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அதிலேயேதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

கண் வைத்தியத்துக்கென்று தம்பி வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. "நானே வண்டி ஓட்டற அளவுக்குக் கண்ணு தெளியட்டும், அப்பதான் வீட்டுக்கு வருவேன்" என்று போன மாதம் சொன்னீர்கள். மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரியவர் மேல் போர்த்தியிருந்த உறையை உருவினேன். (பெரியவர் யார் என்று தம்பி பிள்ளைகள் கேட்டால், எங்கள் பழைய கார் என்று சொல்லுங்கள். அவர்களுடைய அப்பாவை விட அதற்கு வயது கூட.)

முன்பக்கத்து நீள சீட்டில் நீங்கள் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தோண்டிய பள்ளம் அப்படியே இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளேதான் எனக்குத் தெரு தெரிந்தது. பெடலுக்குக் கால் எட்டவில்லை. போதாததற்கு ஒரு ஸ்பிரிங் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து என்னை நலம் விசாரித்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், சீட்டை மாற்றுவதென்று.

வெல்டரைக் கூப்பிட்டேன். நீங்கள் அரைமணி என்று பெயர் வைத்தீர்களே, அவரேதான். "அரை மணி நேரத்துல கழட்டிடலாம்மா" என்றார். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். சீட்டுக்கு அடியில் இரண்டு பேனாவும் ஒரு சீப்பும் என் கம்மலும் கிடைத்தன. நான் அலமாரியில் வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் எனக்குப் புத்தி சொன்னீர்களே, அதே கம்மல்தான்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில், இந்தக் காலத்துக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு தனித்தனி சீட் கிடைத்தது. தலை சாய்க்க மேலே திண்டு உண்டு. அடியில் மஞ்சள் பிளக் ஒன்று தொங்கியது. மோதினால் வெடித்து விரியுமே ஏர்பேக், சீட்டுக்குள் இருக்கும் அந்தக் காற்றுப்பைக்குப் போகிற வயராம். விவரம் தெரிந்த மெக்கானிக் வந்து அந்தப் பையைக் கழற்றும்வரை அரைமணி பக்கத்திலேயே போகவில்லை.

கோபம் வரும், தெரியும். பழைய சீட்டைத் தூக்கிப் போடவில்லை, துணி சுற்றிப் பின் அறையில் வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் எழுத்தில் திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

என்னங்க,

திட்டு வந்து சேர்ந்தது. தம்பியின் கையெழுத்தில். உங்களுக்குக் கைவலி என்றும், அதனால் நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதுவதாகவும் இருந்தது. திட்டி முடித்த பிறகு அளவும் சொல்லியிருந்தீர்கள். கிளட்ச் பெடலிலிருந்து ஓட்டுகிறவர் சீட்டின் விளிம்புவரை இரண்டு சாண், நாலு விரல். ஒரு விரல்கூடக் குறையக் கூடாது என்று வேறு.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சீட் என்றால் வைத்து முடுக்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியவரின் தரைத்தகடு மெலிந்து போயிருக்கிறது. புது சீட்டின் கால்களோ நான்கும் நான்கு உயரம். அவசரத்தில் பிரேக் பிடித்தால் தகட்டைப் பிய்த்துக்கொண்டு சீட் முன்னால் வந்துவிடும் என்று, அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்து, அதன் வழியாகத்தான் போல்ட் போட வேண்டும் என்றார் அரைமணி. பெல்ட்டுக்கும் அப்படியே. பெரியவர் பிறந்த காலத்தில் பெல்ட் ஏது.

அடுத்த தலைவலி, ஓட்டுகிறவர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் வளைந்திருந்தது. பக்கத்து சீட்டில் நன்றாக ஓடுகிறது, இதில் அசையவே இல்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நேராகத் தரையில் பொருத்தலாம், ஆனால் பொருத்தின இடத்தில்தான் இருக்கும். "துளை போட்டா போட்டதுதாம்மா. யார் காலுக்குப் போடறது? ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல வச்சிடட்டுமா?" என்று கேட்டார். நடுவில் வைத்தால் உங்களுக்கு முழங்கால் இடிக்கும், எனக்குப் பெடல் எட்டாது. யாருக்கும் ஆகாத அளவு எதற்கு என்றேன். பத்து நாள் பொறுத்தால் வேறு தண்டவாளம் தேடித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன்.

நீங்கள் சொன்ன அதே இரண்டு சாண், நாலு விரலைத்தான் அளந்தேன். என் கையால் அளந்தேன். சாக்பீஸால் நான்கு குறி போட்டேன். அரைமணி குறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றார். "சொல்லுவார். நீங்க துளை போடுங்க" என்றேன்.

துளை போடும் மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் யார் அழுதாலும் கேட்காது. நான் அழுதேன். நான்காவது துளை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன்.

இனி எனக்கும் மறைக்கத் தெம்பில்லை. போன மாதம் தம்பி உங்கள் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, இது இங்கே கிடைக்கவில்லை, வாங்கி அனுப்புங்கள் அண்ணி என்றார். மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவளிடம் அதை அனுப்பலாமா. பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கிற சொட்டு மருந்து ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வலிக்கு மட்டும் எழுதியிருந்தார்கள், இரண்டு கண்ணுக்கும். வாடிக்கையாளர் காத்திருக்க, அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தேன். பிறகு மருந்தைக் கட்டி அனுப்பினேன்.

தம்பி, இந்த இடத்தில் நிறுத்தாமல் வாசியுங்கள். விட்டு வாசித்தால் நேரில் வரும்போது கேட்பேன்.

என்னங்க, உங்களுக்குக் கைவலி இல்லை. எனக்குத் தெரியும். பார்வை போனதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் வருமா? என்னிடம் சொல்லாமல் தனியாகச் சுமந்தீர்களே, அதற்குத்தான் வருகிறது. தெளிகிறவரை வர மாட்டேன் என்றால், இந்த ஜென்மத்தில் வர மாட்டேன் என்றுதானே பொருள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

என்னங்க,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. போனை எடுக்கும் தம்பி "அண்ணன் தூங்கறாங்க அண்ணி" என்கிறார். பகலெல்லாம் தூங்குகிற மனிதரையா நான் கட்டிக்கொண்டேன்? சரி, கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பெரியவரின் உறையை உருவிய வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தேன், இப்போது லைசென்ஸும் வாங்கிவிட்டேன். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துத் தோற்றுப்போனேன். இரண்டாம் தடவை கம்பம் பிழைத்தது. இரண்டு வாரமாகக் கடைக்குப் பெரியவரில்தான் போய் வருகிறேன். சீட் முதுகைப் பிடித்து நிறுத்துகிறது, கால் பெடலில் நன்றாகப் பதிகிறது. வளைவில் திரும்பும்போது முன்பெல்லாம் உங்கள் பக்கம் சரிந்து வருவேன், இப்போது யாரும் எங்கும் சரிவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பக்கத்து சீட்டை உங்களுக்காகவே வைத்தோம். அளவுக்கு நீங்கள் இல்லையே என்று உங்கள் பேன்ட்டை எடுத்துப் போய், இடுப்பைச் சீட்டின் முதுகோடு சேர்த்துப் பிடித்து, காலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அரைமணி சிரித்தாலும் வேலையைப் பிசகில்லாமல் செய்தார். கால் நீட்டத் தாராளமாக இடமிருக்கிறது.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாலத்தின் மேல் லாரி ஒட்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பெரியவர் உறுமுகிறார். அந்த உறுமலைக் கேட்டுச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வழியும் உங்களுக்குத்தான் மனப்பாடம். நான் ஓட்டுகிறேன், நீங்கள் சொல்லிக்கொண்டு வாருங்கள். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

இந்த வாரம் கடையில் இருப்பு சரிபார்க்கிறார்கள். அதனால் அடுத்த சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் தம்பி வீட்டு வாசலில் நிற்பேன். தம்பி, அண்ணனின் பெட்டியைக் கட்டி வையுங்கள். வர மாட்டேன் என்றால் ஞாயிறும் நிற்பேன், திங்களும் நிற்பேன். லீவு சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் தட்டி நடக்க வெள்ளைக் கோல் கொடுத்திருப்பார்கள். நான் பார்த்தால் கஷ்டப்படுவேன் என்று அதைத் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் அதற்கென்று நாலு விரல் இடம் விட்டுத்தான் பொருத்தச் சொன்னேன். கையோடு எடுத்து வாருங்கள்.

உங்கள் வரவுக்காகவே காத்திருக்கும்,
உங்கள் மனைவி