ஆடு வாய் வைக்காத கிழங்கு

அன்புள்ள நிடியாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை யஸ்னா எழுதுகிறாள். ஆடுகள் நலம், யஸ்னா நலம், நல்ல மழை பெய்து சரிவு முழுக்க அன்யன்யூக்கா சிவப்பாய்ப் பூத்துக் கிடக்கிறது, உன் அப்பா சாகாமல் தப்பினார். இதற்கு மேல் நலம் என்ற வார்த்தையை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ ஸ்பெயினில் சௌக்கியமாகத்தான் இருப்பாய், போன மாதப் போட்டோவில் கன்னம் உப்பியிருந்தது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருஷம் முன்னால் உன் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆராய்ச்சிக்கென்று அந்தப் பூவின் கிழங்கைத் தோண்டினாயே, எந்தச் சரிவில் நிறைய இருக்கும் என்று காட்டியது நான்தான், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. ஆனால் ஜூலையில் உன் சித்தப்பா குஸ்தோதியோ, அப்பாவின் மறதிக்கு மருந்து உண்டா என்று போனில் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஆமா சித்தப்பா, மறதி நோய்க்குக் குடுக்கிற மருந்து இருக்கில்ல, அந்தச் சத்து நம்ம அன்யன்யூக்காக் கிழங்குலயே இருக்கு, நாங்கதான் கண்டுபிடிச்சு எழுதியிருக்கோம்" என்றாய். அவர் அதைச் சந்தை வண்டியில் சொன்னார், பாலாடைக்கட்டி வாங்க வருகிறவரிடம் சொன்னார், ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். நீ அனுப்பிய இங்கிலீஷ் கட்டுரையைச் சட்டம் போட்டு நம் வீட்டுச் சுவரில் மாட்டினார். யாருக்கும் ஓர் எழுத்து புரியவில்லை, அதனாலேயே மரியாதை கூடிப்போனது.

செப்டம்பர் பதினெட்டாம் தேதிச் சுதந்திரத் திருநாளுக்குக் கிடாய் வெட்டி நெருப்பில் வாட்டினோம். நான் ரொட்டி எடுக்க உள்ளே போன நேரத்தில் உன் சித்தப்பா மூன்று அன்யன்யூக்காக் கிழங்கைத் தணல் சாம்பலுக்குள் தள்ளிச் சுட்டு, தோலுரித்து, உப்பு தொட்டு உன் அப்பாவுக்கு ஊட்டியிருக்கிறார். பஞ்சத்தில் ஹுயீக் கிழங்கை இப்படித்தானே சுட்டுத் தின்றோம் என்கிறார். ஹுயீயை ஆடு குளம்பால் கிளறித் தின்னும், அன்யன்யூக்காவில் எந்தப் பஞ்சத்திலும் வாய் வைக்காது. ஐம்பது வருஷம் ஆடு மேய்த்த மனுஷனுக்கு இது தெரியாதா என்று கேட்டேன். "ஆட்டுக்குப் படிப்பு இல்லையே அண்ணி, நம்ம பிள்ளை படிச்சிருக்கே" என்றார். ஆட்டை விட உன்னை நம்பினார், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அரை மணி நேரத்தில் வாந்தி, எச்சில் நூல் நூலாக வழிந்தது, நாடி கையில் அகப்படவில்லை. பாலாடைக்கட்டிக்காரரின் வண்டியில் போட்டு ஓவாயே டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். நான்கு மாதமாக உன் அப்பாவுக்கு நான் எடெல்மிரா இல்லை, அவருடைய சின்ன வயசுப் பள்ளிக்கூட டீச்சர். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் ஒண்ணும் திருடல டீச்சர், அடிக்காதீங்க டீச்சர்" என்று அழுதார். நான் பறித்துக்கொண்டு போன பூவை டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். என் மகளுக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

திரும்பி வந்ததும் யஸ்னா அந்தச் சட்டத்தைக் கழற்றிக் கட்டுரையை உருவி, அகராதியோடு மூன்று நாள் உட்கார்ந்தாள். பதினான்கு வயசு. நான்காம் பக்கத்துப் பட்டியலில் இருக்கிறதாம், மறதிக்கு உதவும் கேலன்டமைன் துளி, அதே கிழங்கில் குடலைப் புரட்டும் லைகோரின் அதைப்போலப் பல மடங்கு, ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்குமே அளவு மாறும் என்று. "அக்கா முழுசாத்தான் எழுதியிருக்காம்மா, நமக்குத்தான் பாதி சொல்லியிருக்கா" என்றாள். உனக்குப் பரிந்துதான் சொன்னாள். நீ பொய் சொல்லியிருந்தால் ஒரு அறையோடு என் கோபம் போயிருக்கும். மற்ற பாதியை எங்கள் பேச்சில் ஐந்து வரி சொல்ல உனக்கு நேரமில்லை.

இதில் இன்னொன்று. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்து உன் அப்பா, "எடெல்மிரா, குட்டிகளைப் பட்டியில அடைச்சியா?" என்று கேட்டார். ஒரு தடவைதான். மறுநாள் மறுபடி டீச்சர். நரம்பில் ஏற்றிய மருந்தாலும் தெளிவு வந்திருக்கலாம், எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கிழங்கு வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் சொல்ல உன் சித்தப்பாவுக்கு அது போதும். அப்பா படுத்ததும் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது கடப்பாரையோடு சரிவில் நிற்கிறார்கள், எல்லார் வீட்டிலும் மறந்துபோனவர் ஒருவர் இருக்கிறார். யஸ்னா பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினாள், "சின்னப் பிள்ளை, நீ போய்ப் பாடம் படி" என்றார்கள். நவம்பர் முதல் ஞாயிறு சங்கக் கூட்டம். நீ வந்து அங்கே நின்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

இனி எழுதுவது என் கை. யஸ்னாவைப் பால் கறக்க அனுப்பிவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. நிடியா, மாவுத் தகரத்துக்குள் இரண்டு கிழங்கு வைத்திருக்கிறேன். நானே தோண்டினேன். உன் சித்தப்பாவை நான் பேசிய பேச்சையெல்லாம் பேசிவிட்டுத்தான் தோண்டினேன். என் பேரை உன் அப்பா வாயால் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கால் கிழங்கு கொடுத்தால் என்ன என்று தினமும் தகரத்தைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். ஊருக்காக வா என்று மேலே எழுதச் சொன்னேன். எனக்காக வா.

குளிரில் காலுறை போட்டுக்கொள். கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், கோபம் தீராவிட்டாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், அந்தத் தேதி வரைக்கும் தகரத்தைத் திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
எடெல்மிரா