கொற்றியின் ஊறுகாய்க் கடையில் தலை எண்ணியது குறித்து

மாரி பொய்யாது பொழிக. மதில் நிமிர்ந்து நிற்க. ஏழு குன்றும் இரண்டு ஆறும் தம் குடைக்கீழ்க் கொண்ட குறும்பொறை நாட்டு அரசி வேங்கைமாதேவியாராகிய நாம், வருகைக் கணிப்பு அதிகாரியும், கண்டவற்றையெல்லாம் எழுதுபவரும், எழுதியவற்றை ஒருபோதும் படியாதவருமாகிய மருதங்கிழான் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உமது இல்லம் தழைக்க. உமது எழுத்தாணிகள் தேயாதிருக்க. நீர் அனுப்பிய வெற்றி ஏடுகள் நாற்பத்திரண்டும் யானைமேல் வந்து சேர்ந்தன. யானைக்கும் களைப்பு, நமக்கும் களைப்பு.

கீழங்காடித் தெருவில் ஊறுகாய் விற்கும் கொற்றியை நீர் மறந்திருக்கக்கூடும். உம் ஏடுகளில் எங்கும் அவள் பெயர் இல்லை. நாளொன்றுக்கு அறுபது பேர் வராத கடை பங்குனியில் தன் இடத்தை இழக்கும் என்பது அங்காடிச் சபையின் விதி. மார்கழி வரை எண்பது பேர் வந்த அவள் கடைக்குத் தை பிறந்தபின் நாற்பது பேரே வந்தனர். தெருமுனை வரை வரும் சனங்கள் தன் பக்கம் திரும்பாமல் இடப்புறமே ஒதுங்கிப் போவது ஏன் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளை, அதுவும் இரண்டே நாளுக்குத் தந்தருள வேண்டும் என்று அவள் உம்மிடம் விண்ணப்பித்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாள், பாவம்.

நீரோ பதினெட்டுப் பேரை அனுப்பினீர். வாசலில் நின்றவன் வருபவரை மறித்து, தாம் குறிக்கப்படுவதற்கு உடன்படுகிறாரா என்று ஓர் ஏடு முழுவதையும் வாசித்துக் கேட்டான். உடன்பட்டவர் மறுபடி வந்தால் அடையாளம் தெரியவேண்டும் என்று அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினான் இன்னொருவன். எந்தத் தெரு வழியாக வந்தார், யார் சொல்லி வந்தார், எந்தச் சாடியை எவ்வளவு நேரம் நோக்கினார் என்பதற்கெல்லாம் தனித்தனி ஆள். நார்த்தங்காயைப் பார்த்துவிட்டு எலுமிச்சையை வாங்கிய ஒருவரிடம் அந்த மனமாற்றத்துக்குக் காரணம் கேட்கப்பட்டது. மாமியாருக்குத் தெரியாமல் மாவடு வாங்க வந்த ஒருவர், தம் பெயரை உரக்கக் கேட்டதும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடப்பதால் உம் ஏட்டில் அவர் இன்றளவும் கடையை விட்டுப் போகாதவர்.

பத்தே நாளில் கொற்றியின் நாற்பது பேர் மூவராயினர். உம் ஏடுகளோ நாளொன்றுக்கு இருநூற்றுப் பன்னிருவர் என்று பூரிக்கின்றன. இவ்வதிசயத்தைக் காண நாமே மாற்றுடையில் சென்றோம். அரசுப் பணியாளர் கையில் நூல் கட்டலாகாது என்பது உம் துறையின் மரபாம். ஆதலால் உம் ஆட்கள் வெற்றிலை துப்பவும் வெயில் காயவும் வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், நூலில்லாத புதியவராகவே எண்ணப்பட்டனர். மிகுதியாக நோக்கப்பட்ட பாண்டம் எது என்று ஏட்டில் குறிக்கும் இடத்தில் அவர்களுடைய மோர்ப்பானை இருந்தது. ஒரு சாடி நார்த்தங்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நம்மை, வாங்கும் எண்ணமற்றவர் என்று குறித்தார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுந்தம் காட்டினானாம்.

வந்தவர் இத்தனை பேராயின் சாடிகள் ஏன் குறையவில்லை என்று கொற்றி முறையிட்டதற்கு, சாடி துறையால் ஏற்கப்பட்ட அளவை அன்று என விடை தந்தீராம். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இருநூறு பேருக்கு மேல் வரும் கடை தெருவை அடைக்குமாதலால் கோட்டைக்கு வெளியே களத்துமேட்டுக்குப் பெயரவேண்டும் என்பதும் அதே சபையின் விதி. ஆளில்லை என்று போகவிருந்த கடை, உம் புண்ணியத்தால் ஆள் மிகுந்துவிட்டது என்று போகவிருக்கிறது. சபையார் அந்த ஆணையைப் படித்துச் சொன்னபோது அவள் அழவில்லை. மாங்காய் நறுக்கிக்கொண்டே இருந்தவள் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். அருகே நின்று அதைப் பார்த்தோம். நம் முத்திரையின் பெயரால் இது நடந்ததே என்று வெட்கத்தால் குன்றினோம்.

விரலில் துணி சுற்றியபடி, அன்று வந்த நெய்க்காரி ஒருத்தியிடம் கொற்றி தானே கேட்டாள், ஊரார் இப்பக்கம் ஏன் திரும்புவதில்லை என்று. நூலும் ஏடும் இல்லாமலே விடை வந்தது. தை பிறந்தது முதல் தெருமுனையை அடைத்துக்கொண்டு ஒரு பெரும்பல்லக்கு கிடக்கிறதாம். அதன் நிழலில் எட்டுத் தூக்கிகள் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்களாம். அவர்களைத் தாண்டி ஊறுகாய்க்காக யார் வருவார் என்றாள் அவள். போய்ப் பார்த்தோம். திரையில் உமது இலச்சினை. முனையிலுள்ள மண்டபத்தில் நீர் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தீர். ஆட்டம் உமக்குச் சாதகமாகவே இருந்தது.

ஆதலின் நாம் ஆணையிடுவதாவது: கொற்றியின் கடை நின்ற இடத்திலேயே நிற்கும், சபைக்கு வேறு ஓலை போயிற்று. பதினெட்டுப் பேரும் இன்றே விலகுக. பல்லக்கு நம் கொட்டிலுக்கு வந்து சேர்க. நீர் இனி இரு காலால் நடந்து திரிக. இது நம் வாய்மொழி. எழுதினான் ஓலைநாயகம் கூத்தன் வடுகன். வேங்கை முத்திரை இட்டது நம் கை.

மறுமொழி ஏடு அனுப்ப வேண்டா. கொற்றியிடம் நேரில் போய்ப் பிழை பொறுக்கும்படி கேட்பீராக. அப்போது கடையில் கூட்டமிருந்தால் அது மெய்யான கூட்டம், வரிசையில் நிற்கவும்.