பிரேக், கட்டை, சாவி

என் கண்ணுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மாமா நலம், அவன் வாய் அதைவிட நலம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதற்கு வருகிறேன், பதறாதே, என்னோடு சண்டை போடும் அளவுக்கு அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு வேறு என்ன வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய், கேட்டதற்குத் தொண்டை கமறுகிறது என்று சமாளித்தாய். உன்னைப் பெற்றவளுக்கு எது கமறல் எது சளி என்று தெரியாதா. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு தொழிற்சாலைக்கு ஓடாதே. அறை ஜன்னல் சரியாக மூடவில்லை என்றாயே, வீட்டுக்காரரிடம் சொன்னாயா இல்லையா. ரயில் பெட்டி செய்கிற இன்ஜினியருக்கு ஒரு ஜன்னல் கொக்கி போட முடியவில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் காவல்காரர் மாதிரி வந்து நின்றுகொள்கிறார், நான் ஏதாவது உளறிவிடுவேனோ என்று. நீயும் அன்றைக்குக் கேட்டாய், அப்பா ஏன்மா இடது கையைக் காட்டவே மாட்டேங்கறார் என்று. கையெல்லாம் கிரீஸ் என்றேன். பொய். ஐந்து வாரமாக இரண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறோம். நீயோ, இன்னும் மூன்று வருஷத்துக்குக் கம்பெனியில் ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும், போடவா, இல்லை வீட்டோடு வந்துவிடவா என்று கேட்கிறாய். விஷயத்தை மறைத்துவிட்டு போடு என்று சொன்னாலும் தப்பு, வா என்று சொன்னாலும் தப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீ முடிவு செய்.

நம் பச்சைக் கிழவனுக்கு இந்த வருஷம் உடம்பு சரியில்லை. பட்டாளத்தில் உழைத்துத் தேய்ந்து ஏலத்தில் நம்மிடம் வந்த லாரி, இருபத்திரண்டு வருஷமாக மலைக் கிடங்கிலிருந்து அறுவை மில்லுக்கு என்னோடு மரம் சுமக்கிறான், நோகாமல் என்ன செய்வான். மேட்டில் ஏறும்போது, இழுவைக்குப் போடுகிற லோ கியர் லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். அதை இடது முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன், முழங்கால் கன்றிப்போய்விட்டது. அடியிலிருந்து ஊளைச் சத்தம் வேறு. அப்பா எண்ணெயை வடித்துப் பார்த்தார், இரும்புத் தூள் மின்னியது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்குமே, இன்ஜின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி, அது உள்ளே அரைபட்டுப் போய்விட்டது. பழைய வண்டி உடைக்கிற முக்காலே மூணு வீசத்திடம் ஒரு பெட்டி கிடைத்தது. அந்த மனிதர் இன்னும் திருந்தவில்லை, துருப்பிடித்த கதவைக் காட்டினாலும் முக்காலே மூணு வீசம் புதுசுங்க என்கிறார். ஆனால் பெட்டி நல்ல பெட்டி, அப்பா திறந்து ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தார்.

பெட்டி இருநூறு கிலோவுக்குக் குறையாது. லாரித் தளத்துப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வண்டியின் மேலேயே குறுக்கே ஒரு இரும்பு உத்தரம் போட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் பெட்டியைத் தொங்கவிட்டு இறக்குவது என்று ஏற்பாடு. கீழே ஜாக்கியும் முட்டுக்கொடுத்திருந்தது. அப்பா அடியில், நான் மேலே செயினோடு, மாமா பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க. மாமா நல்ல வெல்டர்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு ஸ்பேனர் கொடுப்பதற்குள் ஒன்பது கதை சொல்வான். ஆரம்பிக்கும் முன் நம் வீட்டு வழக்கப்படி நான் கேபினில் ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு பிரேக் என்று கத்தினேன். அப்பா சட்டைப் பையைத் தட்டிக் காட்டி சாவி என்றார். அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எங்களுக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிரேக், கட்டை, சாவி, மூன்று குரல் கேட்காமல் யாரும் அடியில் போகக்கூடாது என்று சட்டம் போட்டவரே உன் அப்பாதான். நடுவில் இருந்த குரல் உன்னுடையது. பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து நீதான் சக்கரத்துக்குக் கட்டை வைப்பாய், உதைத்துப் பார்த்துவிட்டு கட்டை என்று தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவாய். நீ போய் நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷமும் அவர் எண்ணெய் மாற்ற, போல்ட் முறுக்க என்று சின்னச் சின்ன வேலைக்கு அடியில் போய்வந்துகொண்டுதான் இருந்தார், பிரேக் பிடித்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் ஒன்று குறைகிறது என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. கட்டைகள் இரண்டும் ஷெட் கதவுக்குப் பின்னால் நீ மாட்டிய ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த வேலை சின்ன வேலை இல்லை. கிழவனுக்கு ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, அதன் டிரம் அந்தப் பெட்டியின் முதுகில் இருக்கிறது. பெட்டியைப் பிடித்து, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டால் நான் இழுத்த பிரேக் வெறும் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இது அவருக்குத் தெரியாதா, ஊருக்கே பாடம் எடுப்பாரே. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான். ஷாஃப்டுகள் இறங்கியபோதும் வண்டி அசையவில்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. நம் முற்றம் வாசல் பக்கம் லேசாகச் சரிவு, தண்ணீர் ஓடட்டும் என்று நாமே வைத்த சரிவு. கடைசி போல்ட் துருவேறி வராமல் அவர் சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டார். என் காலுக்குக் கீழே வண்டி நகர்வது தெரிந்தது கண்ணு, மெதுவாக, சத்தமே இல்லாமல். செயினில் தொங்கிய பெட்டி வண்டியோடு போயிற்று, ஜாக்கி நின்ற இடத்தில் நின்றது, இரண்டுக்கும் நடுவில் அவர் இடது கை. ஒரு முழம்தான் நகர்ந்திருக்கும், முன்சக்கரம் வாசல் வாய்க்காலின் கல்லில் முட்டி நின்றுவிட்டது. அந்தக் கல் இல்லையென்றால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அவர் கத்தவே இல்லை. பெட்டியைத் தூக்கு என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் செயினை இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. மாமா, கதை எல்லாம் போய், ஒரு வார்த்தை பேசாமல் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான், அவனை இனிமேல் நான் வாய்க்காரன் என்று திட்டுவதில்லை என்று இருக்கிறேன், பார்க்கலாம் எத்தனை நாள் என்று. மோதிர விரலும் சுண்டு விரலும் உடைந்துவிட்டன. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் அந்த இரண்டு விரலும் முன்போல மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். உன் அப்பா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவகிட்ட சொல்லாதே, கட்டை வைக்க ஆளில்லன்னு கேட்டா அடுத்த வண்டியில ஏறிடுவா, வந்து இங்கயே உட்கார்ந்துடுவா என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விரலை உடைத்துக்கொண்டு கிடக்கிற நேரத்திலும் மகளுடைய வேலையைப் பற்றி யோசிக்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. நீங்க ஒரு மடையன், நான் ஒரு மடச்சி, நாலு வருஷமா ரெண்டு பேரும் காதை எங்க வெச்சிருந்தோம் என்று நர்ஸ் வந்து அதட்டும் வரை திட்டினேன். திட்டிவிட்டு அழுதேன்.

அப்புறம் பெட்டியை மாட்டியது யார் என்று கேட்பாயே, நான்தான். மரக்கிடங்கில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், என் வண்டியை எவனோ தொடுவதா என்று மறுத்துவிட்டேன். போன வாரம் அப்பா பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கட்டிக்கொண்டு வாயாலேயே வேலை பார்த்தார், நான் அடியில் படுத்தேன், மாமா செயின். ஆரம்பிக்கும் முன் கட்டையை நானே வைத்து, நாலு தடவை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தேன். பெட்டியின் தண்டும் ஷாஃப்டின் காடிகளும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம், கண்ணில் துரு விழுகிறது, அப்பா மேலிருந்து இடது, இடது, ஐயோ உன் இடது இல்லை என் இடது என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடியில் படுத்துக்கொண்டு கெட்ட வார்த்தை பேசும்போதெல்லாம் முகத்தைச் சுளித்திருக்கிறேன், அன்றைக்கு அதையெல்லாம் நானே பேசினேன். மாமா கேட்டுவிட்டு, அக்கா, உனக்கு இதெல்லாம் தெரியுமா என்றான். கடைசியில் தண்டு முனையில் இருக்கிற வட்டத் தகட்டை, ஃபிளாஞ்சை, கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளச் சொன்னார் அப்பா, உள்ளே போய் உட்கார்ந்தது. நேற்று முழுப் பாரத்தோடு மேட்டில் ஏற்றினேன், லீவர் அசையவில்லை, முழங்காலுக்கு வேலையே இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வந்தார், ஊளை இல்லை என்று மட்டும் சொன்னார், அது அவர் பாஷையில் பெரிய பாராட்டு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது உன்னை வரவழைக்கத்தான் உட்கார்ந்தேன். அப்பாவின் கையைச் சொன்னால் நீ ஓடி வந்துவிடுவாய் என்று தெரியும், தெரிந்தேதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத எனக்கே வெட்கமாகிவிட்டது. நீ இல்லாததால் அது நடக்கவில்லை. நாங்கள் வாயால் சொல்லிவிட்டுக் கண்ணால் பார்க்காததால் நடந்தது. உன் தலையில் ஒரு துளி பழியும் இல்லை, அப்படி நினைத்து நீ அங்கே ஒருவேளை சோறு குறைத்தாய் என்று தெரிந்தால் நானே வந்து காதைத் திருகுவேன். இரண்டு கட்டையை வைப்பதற்காகவா உன்னைப் படிக்க வைத்தோம். கையெழுத்துப் போடு. போட்டுவிட்டு இருபது நாள் லீவு கேள், கொடுக்கமாட்டேன் என்றால் என்னிடம் போனைக் கொடு. வந்து சும்மா இரு, தூங்கு, என் கையால் சாப்பிடு, அப்பாவோடு வாக்குவாதம் செய். நான் உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், அதற்குக் காரணம் தேடி ஒரு விபத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் என் தப்பு.

நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு. எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும். ஜன்னல் கொக்கியை மறக்காதே, இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பார், அடுத்த போனில் முதல் கேள்வி அதுதான்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
உன் அம்மா

இதை ஒட்டும் முன் அப்பா பிடுங்கிப் படித்துவிட்டார். கையெழுத்துப் போடு என்கிற இடத்தில் சரி என்று தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரி கதை எழுதிய இடத்தில் மட்டும் ஒரு வரியைப் பேனாவால் கறுப்பாக அடித்து வைத்திருக்கிறார், பார்த்திருப்பாய். அவர் அடித்தால் நான் எழுதாமல் விட்டுவிடுவேனா, இங்கே மறுபடி எழுதுகிறேன். அவரைச் சேர்க்கும்போது, ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். தன் போன் நம்பரே தெரியாத மனிதர், வலியில் கண்ணை மூடிக்கொண்டு, உன் நம்பரை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தடுக்காமல் சொன்னார்.