நீ அளந்த தரை

இன்று காலை கராஜை ஒழித்தபோது உன் பூட்ஸ் அகப்பட்டது. அலாஸ்காவிலிருந்து திரும்பியதும் உன்னிடம் கொடுக்க மறந்துபோனது. கழுவலாமென்று தண்ணீர் ஊற்றினேன். அடியில் காய்ந்திருந்த சேற்றிலிருந்து அழுகிய புல்லின் வாசனை கிளம்பியது. எங்கள் கேட்டி நகரத்து வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன்.

கட்டடத்தைத் தரை தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் இருவருக்கும் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக்காக, கோடையிலும் உறைந்தே கிடக்கும் அந்த நிலத்தை அளக்கப் போனோம். தரையில் போட்ட துளைக்குள் வெப்பம் அளக்கும் சென்சார் கம்பியை இறக்கிவிட்டு, நீ மண்டியிட்டு எண்களை எழுதினாய். பழைய அறிக்கை சொன்ன குளிர் அங்கே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரிகூட இல்லை.

"இது எப்ப வேணா இளகிடும்டி. ஸ்கூலுக்குள்ள போடுற ஹீட்டரே போதும். தூணையெல்லாம் இன்னும் ஆழமா இறக்கச் சொல்லணும்," என்றாய்.

ஆழம் கூடினால் ஒப்பந்தம் கைநழுவும் என்று மேனேஜர் பயந்தார். சென்சார் கோளாறு என்று சொல்லிப் பழைய எண்களையே போடச் சொன்னார். நீ கையெழுத்திட மறுத்தாய். அறிக்கை என் மேசைக்கு வந்தது. என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த அலுவலகத்தின் கையில் இருந்தது. போட்டேன். சீக்கிரமே ஆள்குறைப்பு என்று உன்னை அனுப்பினார்கள். நீ என்னிடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

உன் இறுதிச் சடங்குக்கு மேனேஜர் பூங்கொத்தோடு வந்தார். நீ மிகவும் சின்சியர் என்றார். நானும் தலையாட்டினேன்.

இப்போது அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் தரை இறங்கிவிட்டது. பிள்ளைகள் சர்ச் ஹாலில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். யாரும் எதிர்பாராதது என்று ஆபீஸிலிருந்து கடிதம் போயிருக்கிறது. அதையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஆனால் இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, பேசவே சிரமப்பட்ட நீ, அந்த ஸ்கூல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அதன் சுவரில் விரிசல் விட்டிருப்பதைக் காட்டும் படங்கள் அதற்கு முந்தின வாரமே எனக்கு வந்திருந்தன.

"நல்லா இருக்கு," என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"அப்ப நான்தான் தப்பா அளந்துட்டேன் போல."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.